சூரிய ஒளியும் கண்புரையும்

கண்புரை என்பது கண்ணின் வில்லை ஒளிபுகும் தன்மையை இழந்து மங்கலாகும் நோயாகும். உலகில் பார்வையிழப்புக்கான முதன்மைக் காரணம் இதுவே. முதுமை, நீரிழிவு, புகைப்பழக்கம், நீண்டகால ஸ்டீராய்டு மருந்துப் பயன்பாடு ஆகியவற்றோடு சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களும் இதன் காரணிகளுள் ஒன்றாகும்.

பாதிப்பு நேரும் விதம்

280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட கதிர்கள் புற ஊதா-பி எனப்படும். இவற்றின் பெரும்பகுதியைக் கண்ணின் முன்புறப் படலமான கார்னியா உறிஞ்சிவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பங்கை வில்லை ஏற்கிறது. வில்லையிலுள்ள கிரிஸ்டலின் புரதங்கள் தோல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது போல் மாற்றீடு செய்யப்படுவதில்லை. எனவே இளமையில் நேர்ந்த சேதமும் முதுமை வரை அங்கேயே தங்கிவிடுகிறது. சேதமுற்ற புரதங்கள் திரண்டு ஒளியைச் சிதறடிப்பதால் பார்வை மங்குகிறது.

நேபாள ஆய்வு

நேபாளத்தில் 1980 டிசம்பர் முதல் 1981 ஏப்ரல் வரை 105 இடங்களில் இது குறித்து ஆராயப்பட்டது. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்களின் செறிவும் கூடும். ஆகவே மலை மேல் வாழ்வோருக்கே புரை மிகுதியாக இருக்கும் என எதிர்பார்க்கலாம். முடிவோ நேர்மாறாக இருந்தது. 1000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களைவிட, 185 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள ஊர்களில் கண்புரை 2.7 மடங்கு காணப்பட்டது. உயரத்திலிருந்த ஊர்கள் சிலவற்றில் சுற்றியுள்ள நெடுமலைகள் வெயிலை மறைத்தது இதற்கு ஒரு விளக்கமாகும். நாளொன்றுக்குச் சராசரியாக 12 மணி நேரம் வெயில் படும் இடங்களில், 7 மணி நேரம் மட்டுமே படும் இடங்களைவிட 3.8 மடங்கு புரை இருந்தது. எனினும் ஊர்களை ஒப்பிடும் இத்தகைய ஆய்வு, தனிமனிதர் ஒருவர் எவ்வளவு வெயிலில் நின்றார் என்பதைக் காட்டாது.

செசபீக் விரிகுடா ஆய்வு

அக்குறையை நீக்கியது ஹியூ டெய்லர் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவில் நீர்மேல் தொழில் புரியும் 838 பேரின் வாழ்நாள் கதிரேற்பு, அவர்களது பணி வரலாறு, தொப்பி, கண்ணாடி அணியும் வழக்கம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்பட்டது. புற ஊதா-பி ஏற்பு இருமடங்கானால், வில்லையின் வெளிப்பகுதியில் தோன்றும் புறணிக் கண்புரைக்கான வாய்ப்பு 1.6 மடங்காகிறது எனக் கண்டறியப்பட்டது. வில்லையின் நடுவில் தோன்றும் உட்கருக் கண்புரைக்கு அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ஆகவே, கண்புரை வெயிலால் வருவது என்று பொதுப்படக் கூறுவது பாதி உண்மையே.

தடுப்பு

அகன்ற விளிம்புடைய தொப்பியும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடியும் கதிரேற்பைக் குறைக்கும். கண்ணாடியின் கருமை பாதுகாப்பின் அளவுகோல் அன்று. நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடியும் இக்கதிர்களைத் தடுக்க வல்லது. பக்கவாட்டில் நுழையும் ஒளியையும் கருத்திற்கொண்டு, முகத்தோடு ஒட்டி அமையும் சட்டகங்களைத் தேர்வது நல்லது. மணலும் கடல் நுரையும் கதிர்களை எதிரொளிப்பதால், கரையில் நிற்போருக்குத் தொப்பி மட்டும் போதாது.

முற்றிய புரையைச் சொட்டு மருந்தால் நீக்க இயலாது. மங்கிய வில்லையை அறுவை மருத்துவத்தால் அகற்றிச் செயற்கை வில்லை பொருத்துவதே மருத்துவமாகும்.