கைநாட்டு வைத்தவள் எங்கே போய்க் கேட்பாள்?

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில், தீப்பெட்டியாபீஸ் பென்ஷன் தாளை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் வந்த அம்மா ஒருவர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "தம்பி, முப்பது வருசத்துக்கு முந்தி ஒரு பிள்ளைய ஆசிரமத்துல குடுத்தேன். கைநாட்டு வாங்கிக்கிட்டாக. அந்தக் காயிதம் இப்ப எங்க இருக்கும்?" பிள்ளை உள்ளூரில் வளர்ந்ததா, வெளிநாடு போனதா என்றுகூட அவருக்கு யாரும் சொன்னதில்லை. என்னிடமும் பதில் இல்லை.

இந்தக் கந்தக பூமியின் வரலாறு இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை ஒன்று. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று, வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தை ஒன்றுக்கு முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று உச்சநீதிமன்றம் சொன்ன கதை மற்றொன்று. இரண்டிலும் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவள் இல்லை.

சட்டத்தில் அவள் இருக்கிறாள், மறைக்கப்பட வேண்டியவளாக. லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதமே மனுவாகி, வெளிநாட்டுத் தத்து குறித்து 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். பிள்ளை வியாபாரத்தைத் தடுக்க முனைந்த முக்கியமான தீர்ப்பு அது. மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெறத் தாய்க்குச் சுமார் மூன்று மாதம் தந்தது (2015 சட்டத்தில் இது 60 நாள்). அதன்பிறகு கோப்பு இரகசியம். வளர்ந்த பிள்ளை கேட்டால் பெற்றவர்களைப் பற்றிச் சொல்லலாமா என்பதையும் வளர்ப்புப் பெற்றோரின் விருப்பத்துக்கே விட்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பெண் சிசுக்களின் உயிரைக் காக்க வந்தது, உண்மைதான். ஆனால் பெயர் சொல்லாமல் போட்டுவிட்டுப் போன தாயைப் பின்னாளில் எந்தக் கோப்பில் தேடுவது?

இரகசியம் தாயின் மானத்தைக் காக்க என்கிறார்கள். அது வியாபாரியையும் காத்தது. 1999இல் சென்னை புளியந்தோப்பில் பெற்றோர் பக்கத்தில் தூங்கிய குழந்தை திருடப்பட்டது. மலேசியன் சோஷியல் சர்வீசஸ் மூலம் குழந்தைகள் வெளிநாடு போன விவகாரத்தை 2005இல் போலீஸ் வெளிக்கொணர்ந்தபோதுதான், தங்கள் பிள்ளை நெதர்லாந்தில் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. 2010இல் டச்சு நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட மறுத்தது. திருட்டுக் கொடுத்தவர்களுக்கே இந்தக் கதியென்றால், கைநாட்டு வைத்தவளுக்கு?

மறுபக்கமும் உண்டு. 1970களின் கடைசியில் சென்னையிலிருந்து டென்மார்க் போன ஒருவர், தன்னார்வலர் துணையோடு வருடக்கணக்கில் தேடி 2019இல் தாயைச் சென்னையிலேயே கண்டடைந்தார். இன்று 'வேர்த்தேடல்' சட்டபூர்வமானது. 2022 தத்தெடுப்பு விதிகளின்படி பதினெட்டு வயது கடந்த பிள்ளை தானே மனுச்செய்யலாம். மூன்றாம் நபர் தேட அனுமதியில்லை. தன்னைச் சொல்லக்கூடாதென்று தாய் கேட்டிருந்தால், அவளிடம் சம்மதம் பெற வேண்டும். நியாயமான ஏற்பாடு. ஆனால் எல்லாம் பிள்ளை கேட்டால்தான் தொடங்கும். தாய் கேட்டால் தொடங்குவதற்கு விதியில் வழி வைக்கப்படவில்லை.

பிள்ளையின் வாசலில் போய் நிற்கும் உரிமையை நாம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு வாழ்க்கை இருக்கும். வெளியே தெரிய வேண்டாமென்று நினைக்கும் தாய்களும் உண்டு. கல்யாணமாகிப் போனவள் எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பாள்? நாம் கேட்பது சிறிது. 'என் பிள்ளை தேடி வந்தால் நான் இங்கே இருக்கிறேன்' என்று பெற்றவள் பதிந்துவைக்க மாவட்டந்தோறும் ஒரு பதிவேடு. வாசிக்கத் தெரியாதவளுக்குக் கூட இருந்து உதவ ஒரு ஆள். அவள் மௌனமாக இருக்க விரும்பினால், அது அவள் சொல்லிய மௌனமாக இருக்கட்டும்.

அந்த அம்மாவுக்காக விருதுநகர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு மனு எழுதினேன். கடைசியில் கைநாட்டு வைத்தார். "நகல் ஒண்ணு குடுங்க தம்பி, அன்னைக்குத்தான் வாங்காம விட்டுட்டேன்" என்றார். வாங்கிக்கொண்டுதான் போனார்.