தண்டனை எவரைச் சேர வேண்டும்?

குற்றம் புரிந்த மனிதனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் குற்றத்தை அறிந்தும் வாளாவிருந்த ஒரு கல்வி நிலையத்தை எவ்வாறு தண்டிப்பது? அந்நிலையத்துக்குப் புகழும் பொருளும் தேடித் தந்த விளையாட்டுக் குழுவை என்ன செய்வது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினாக்கள் பலமுறை எழுந்துள்ளன. அங்கே அவற்றுக்குக் கிடைத்த விடைகள், பிள்ளைகளை விடுதிகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் பிறர் பொறுப்பில் விட்டிருக்கும் நமக்கும் பயன்படத் தக்கவை.

அமெரிக்கர் 'ஃபுட்பால்' என வழங்குவது நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியினரோடு மோதி முன்னேறும் ஆட்டம் அது. 1905ஆம் ஆண்டில் இவ்வாட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழந்தனர். அப்பொழுது குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று கல்வி நிலையங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். மறு ஆண்டு கல்லூரிகள் பல ஒன்று கூடி ஒரு சங்கம் அமைத்தன. 1910 முதல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. இளைஞரின் உடலைக் காக்கவென்று பிறந்த இச்சங்கம், நாளடைவில், ஆட்டக்காரர் கள்ளத்தனமாகப் பணம் பெறுகின்றனரா என்று துப்புத் துலக்குவதையே தன் பெரும்பணியாகக் கொண்டது.

அச்சங்கத்தின் தண்டனைகளுள் மிகக் கடுமையானதை மக்கள் 'மரண தண்டனை' என்றே அழைத்தனர். ஒரு குழுவின் ஆட்டத்தை ஓராண்டோ அதற்கு மேலோ அடியோடு நிறுத்திவிடுவதே அது. டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக் கழகத்தின் மீது 1987இல் அது விதிக்கப்பட்டது. ஆட்டக்காரருக்கு இரகசியமாகப் பணம் கொடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. அவ்வாண்டு ஆட்டம் முழுவதும் நின்றது. அடுத்த ஆண்டும் பல்கலைக் கழகம் குழுவைக் களம் இறக்கவில்லை. அதன் பின்னர் 2008 வரை இருபது ஆண்டுகளில் ஒரே ஓர் ஆண்டில்தான் அக்குழு தோல்விகளினும் மிகுந்த வெற்றிகளைக் கண்டது. ஆனால் ஆட்சிக் குழுத் தலைவராக இருந்து அக்கள்ளப் பணம் தொடர இசைந்தவர் பில் கிளெமென்ட்ஸ். 1987 மார்ச்சில் அவர் இதனைத் தாமே ஒப்புக் கொண்டார். அப்பொழுது அவர் டெக்சாஸ் மாநில ஆளுநர். 1991 வரை அப்பதவியிலேயே நீடித்தார். முடிவு செய்தவர் பதவியில் இருந்தார். பின்வந்த மாணவர் களத்தை இழந்தனர்.

அது பணக் குற்றம். அதனினும் கொடிய குற்றம் ஒன்று 2011 நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தில் வெளிப்பட்டது. பென் ஸ்டேட் பல்கலைக் கழகத்தின் ஆட்ட அரங்கில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். 1966 முதல் அக்குழுவின் தலைமைப் பயிற்சியாளராக விளங்கிய ஜோ பட்டர்னோவை அவ்வூரார் தெய்வம்போல் போற்றினர். அவரிடம் நெடுநாள் துணைப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெரி சாண்டஸ்கி. ஏழைச் சிறுவருக்கென 1977இல் ஓர் அறநிலையம் தொடங்கிய இவர், அதன் வாயிலாக வந்த சிறுவர்களையே பாலியற் கொடுமைக்கு இரையாக்கினார். 1998இல் ஒரு தாய் முறையிட்டார். விசாரணை நடந்தும் வழக்கு எழவில்லை. 2001இல் குழுவின் உதவியாளர் ஒருவர் குளியலறையில் கண்ட கொடுஞ்செயலைப் பட்டர்னோவிடம் கூறினார். செய்தி மேலதிகாரிகளுக்குச் சென்றது. காவல் துறைக்குச் செல்லவில்லை. பத்தாண்டு காலம் உண்மை உறங்கிற்று.

வழக்கு வெடித்ததும் பட்டர்னோவைப் பல்கலைக் கழகம் நீக்கியது. அன்றிரவு மாணவர் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கித் தொலைக்காட்சி வண்டி ஒன்றைக் கவிழ்த்தனர். சிறுவருக்கு நேர்ந்த கொடுமையினும் பயிற்சியாளரின் பதவி நீக்கமே அவர்களைச் சினங்கொள்ளச் செய்தது என்பது எண்ணத் தக்கது. 2012 ஜூனில் சாண்டஸ்கி 45 குற்றங்களுக்குத் தண்டனைக்குரியவர் எனத் தீர்ப்பாயிற்று. அக்டோபரில் 30 முதல் 60 ஆண்டு வரை சிறைத் தண்டனை பெற்றார்.

இதற்கிடையில் 2012 ஜூலை 23 அன்று விளையாட்டுச் சங்கம் தன் தண்டனையை அறிவித்தது. ஆறு கோடி டாலர் அபராதம். நான்கு ஆண்டுகள் பருவ இறுதிப் போட்டிகளில் கலந்துகொள்ளத் தடை. ஆட்டக்காரருக்கான உபகாரச் சம்பளங்களில் குறைப்பு. 1998 முதல் 2011 வரை பெற்ற வெற்றிகள் அனைத்தும் ஏட்டிலிருந்து நீக்கம். தன் வழக்கமான விசாரணை எதனையும் சங்கம் நடத்தவில்லை. பல்கலைக் கழகம் நியமித்த லூயி ஃப்ரீ என்பாரின் அறிக்கையையே ஆதாரமாகக் கொண்டது. 2012இல் களம் இறங்கிய மாணவர், 1998இல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த குழந்தைகள். வேறு கல்லூரிக்குச் செல்ல அவர்களுக்குச் சங்கம் வழி திறந்து விட்டது; அந்த அளவில் அது நன்று. எனினும், தங்கி ஆடியவர் பிறர் செய்த பிழையின் சுமையைத் தாங்க நேர்ந்தது.

இத்தண்டனையின் கதி என்னவாயிற்று? 2013இலேயே உபகாரச் சம்பளக் குறைப்புத் தளரத் தொடங்கிற்று. 2014 செப்டம்பரில் போட்டித் தடை நீங்கியது. சங்கத்துக்கு இவ்வதிகாரம் உண்டா என்று அதன் அலுவலரே தமக்குள் ஐயுற்றனர் என்பது ஒரு வழக்கின்போது வெளியான கடிதங்களால் தெரியவந்தது. 2015 ஜனவரியில் அவ்வழக்கு சமரசத்தில் முடிந்து, நீக்கிய வெற்றிகள் மீண்டும் ஏட்டில் ஏறின. பட்டர்னோவின் வெற்றிக் கணக்கான 409 என்ற எண் அவருடைய அன்பர்களின் முழக்கமாயிற்று. இரண்டரை ஆண்டுக் காலம் ஊரார் வெற்றிகளைப் பற்றி வாதிட்டனரேயன்றிச் சிறுவரைப் பற்றிப் பேசியது குறைவு.

நிலைத்து நின்றவை வேறு. அபராதத் தொகை சிறார் கொடுமையைத் தடுப்பதற்கும், அதற்கு ஆளானோரைத் தேற்றுவதற்கும் ஒதுக்கப்பட்டது. துன்புற்றோருக்குப் பல்கலைக் கழகம் பத்துக் கோடி டாலருக்கு மேல் ஈடு அளித்தது. முன்னாள் தலைவர் உள்ளிட்ட உயரதிகாரிகள் மூவர் மீது சிறுவரை ஆபத்துக்கு உள்ளாக்கிய குற்றம் 2017இல் உறுதியாயிற்று. மூவரும் சிறை சென்றனர். பென்சில்வேனியா மாநிலம் தன் சிறார் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்தியது.

பின் நிகழ்ந்தவை இன்னும் வியப்பானவை. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக் கழகத்தில் மருத்துவராயிருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரால் நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமியரையும் கொடுமைப்படுத்தினார். 2018இல் அப்பல்கலைக் கழகம் 332 பேரின் வழக்குகளை முடிக்க ஐம்பது கோடி டாலர் அளிக்க இசைந்தது. ஆனால் தன் விதி எதுவும் மீறப்படவில்லை என்று விளையாட்டுச் சங்கம் அதே ஆண்டு ஆகஸ்டில் முடிவு கூறிற்று. பேய்லர் பல்கலைக் கழகத்தில் ஆட்டக்காரர் மீது எழுந்த பாலியற் புகார்களை மேலிடத்தார் உரியவாறு கவனியாது விட்டது குறித்தும், அதனைத் தண்டிக்கத் தன் விதிகளில் இடமில்லை என்று 2021இல் கைவிரித்தது. 2012இல் விதியின்றித் தண்டித்த சங்கம், பின்னர் விதியில்லை என்று விலகி நின்றது.

"புகழைக் காக்கவே மறைத்தார்கள், ஆகவே அப்புகழைப் பறிப்பதே தக்க தண்டனை" என்பார் உளர். இவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பல்கலைக் கழகம் தானே நிறுவிய பட்டர்னோவின் சிலையை 2012இல் தானே அகற்றியது. தான் அளித்த மரியாதையைத் தானே திரும்பப் பெறுவது முறையே. ஆயினும் ஆட்டக்களத்து வெற்றி மாணவர் வியர்வையால் விளைந்தது. அதனை அழிப்பதால் எந்தச் சிறுவனின் துயரும் அழிவதில்லை. மேலும் ஒன்று கருத வேண்டும். உண்மை வெளிப்பட்டால் குழுவும் ஊரும் சேர்ந்து அழியும் என்ற நிலை இருக்குமானால், நாளை ஒரு குற்றத்தைக் காணும் அலுவலர் வாய் திறக்க அஞ்சுவார். பேசுவதற்குக் கொடுக்கும் விலையைக் காட்டிலும் மறைப்பதற்குக் கொடுக்கும் விலை மிகுதியாயிருத்தல் வேண்டும். அவ்விலையை அறிந்து மறைத்தவரே செலுத்த வேண்டும்.

எனவே நாம் கொள்ளும் முடிவு இது. குற்றம் நிகழுமுன்னரே விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். மறைத்தவர் எத்தகைய பெரும்பதவியினராயினும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். நிறுவனத்தின் பணம் துன்புற்றோரைச் சேர வேண்டும். வெளியார் கண்காணிப்பு நெடுநாள் நீடிக்க வேண்டும். குழுவின் ஆட்டத்தை நிறுத்துவது, அதனை நடத்துவோர் இன்னமும் மறைக்க முயலும்போது மட்டுமே கையாளத் தக்க இறுதிக் கருவி.

நம் நாட்டிலும் அதே 2012இல் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும் என்றும், தெரிவிக்கத் தவறுவோர், சிறப்பாக நிறுவனத்தின் பொறுப்பிலிருப்போர், தண்டனைக்குரியவர் என்றும் அச்சட்டம் வகுத்துரைக்கிறது. பிள்ளையை ஒரு விளையாட்டுக் குழுவில் சேர்க்கும் பெற்றோர், அக்குழு எத்தனை கோப்பைகள் வென்றது என்று கேட்பது இயல்பு. அதனோடு, முறையீடு ஒன்று எழுந்தால் அதனை அங்கே யார் கேட்பார், எங்கே தெரிவிப்பார் என்றும் கேட்டறிதல் நம் கடமையாகும்.