ஆசிரியர் என்று அழைக்கப்பட்ட தலைவர்

ஆண்டுதோறும் அக்டோபர் 14 அன்று தான்சானியாவில் அரசு விடுமுறை. 1999-ஆம் ஆண்டு அந்நாளில் இறந்த ஜூலியஸ் நைரேரேயை நாடு நினைவுகூர்கிறது. 1961-இல் டாங்கனிக்காவை விடுதலைக்கு வழிநடத்தியவர் அவர். பள்ளியில் கற்பித்தவர் என்பதால் மக்கள் அவரை 'முவாலிமு', அதாவது ஆசிரியர் என்றே இன்றும் அழைக்கின்றனர்.

1964-இல் சான்சிபாரும் இணைய, தான்சானியா பிறந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களைச் சுவாகிலி மொழி ஒன்றிணைக்க அவர் வழிசெய்தார். ஆயினும், 'உஜாமா' என்னும் அவரது கூட்டுவாழ்வுத் திட்டத்தில் ஏராளமான ஏழை விவசாயிகள் வலுக்கட்டாயமாகப் புதிய ஊர்களில் குடியேற்றப்பட்டனர். விசாரணையின்றிச் சிறையிலிடும் சட்டமும் அவர் ஆட்சியில் இருந்தது. 1985-இல் தாமாகவே அரசுத்தலைவர் பதவியைத் துறந்து, சொந்த ஊரான புத்தியாமாவுக்குத் திரும்பினார்.

கத்தோலிக்கரான அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான பணிகள் 2005-இல் முசோமா மறைமாவட்டத்தில் தொடங்கின. திருஅவை இத்தகைய ஆய்வில் ஒருவருக்கு ஆதரவான சாட்சியங்களை மட்டுமல்ல, எதிரானவற்றையும் கேட்கிறது. வீட்டைவிட்டு அகற்றப்பட்ட விவசாயிக்கும் அங்கே பேச இடமுண்டு.

நாமும் நம் தலைவர்களை அவ்வாறே நினைவுகூர்வோம். சிலைக்கு மாலையிடும் நாளில், அவர்களால் வாழ்ந்தோரை மட்டுமல்ல, வருந்தினோரையும் கேட்போம். உண்மையோடு செலுத்தும் நன்றியே நிலைக்கும்.