குதிகால் மீயொலி அளவீடு

குதிகால் மீயொலி அளவீடு என்பது, முதிய பெண்களின் எலும்பு எளிதில் முறியக்கூடியதா என்று ஒலியலைகளைக் கொண்டு கணிக்கும் சோதனை. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. கருவியைக் காரில் வைத்து எடுத்துச் செல்லலாம். சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வயிற்று ஸ்கேனில் வருவதுபோல் படம் பார்த்து முடிவு சொல்வதில்லை; எண்களைக் கொண்டுதான் கணிப்பு.

மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறையும்போது வேகமாகக் கரைவது எலும்பின் உட்புறத்திலுள்ள பஞ்சு போன்ற வலைப்பின்னல். குதிகால் எலும்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வலைப்பின்னல்தான். அதன்மேல் தசை அதிகம் இல்லை. இரு பக்கங்களும் ஏறக்குறைய இணையாக இருப்பதால், ஒருபுறம் அனுப்பிய அலையை மறுபுறம் வாங்குவதும் எளிது. முறிந்தால் ஆளைப் படுக்கையில் தள்ளுவது இடுப்புப் பகுதி எலும்பு என்றாலும், அளவைக் குதிகாலில் எடுப்பது இதனால்தான்.

இங்கிலாந்தின் ஹல் நகரில் கிறிஸ்டியன் லாங்டனும் உடன் ஆய்வாளர்களும் 1984-ல் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்கு அடித்தளமிட்டது. சுமார் 200 முதல் 600 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை எலும்பு எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்பதை அவர்கள் அளந்தனர். வலைப்பின்னல் அடர்த்தியாக இருந்தால் அலை அதிகம் மட்டுப்படும், வேகமாகவும் செல்லும். ஒலியின் வேகம் இரண்டாவது அளவு. இங்கேதான் சிக்கல். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. குதிகாலில் கிடைக்கும் எண்ணும் அதையொட்டியே அமைகிறது. வலுவான எலும்பையும் நலிந்த எலும்பையும் பிரிப்பது சில பத்து மீட்டர் வேறுபாடுதான். கால் வீங்கியிருந்தாலோ, சில்லிட்டிருந்தாலோ, பாதம் சற்றே நகர்ந்திருந்தாலோ எண் மாறிவிடும்.

இம்முறைக்கு மதிப்புத் தேடித் தந்தது பிரான்சின் எபிடாஸ் ஆய்வு. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 5,662 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 1996-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. இடுப்பு முறிவை முன்கூட்டிச் சொல்வதில் குதிகால் மீயொலி, எக்ஸ்ரேயால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. மீயொலி அளவு ஒரு திட்டவிலக்கம் குறைந்தால் முறிவு ஆபத்து ஏறத்தாழ இரட்டித்தது. அமெரிக்க மூதாட்டிகளிடம் நடந்த ஆய்வின் முடிவும் அடுத்த ஆண்டே இதையொட்டி வந்தது. 1998-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய கருவிக்கு ஒப்புதல் அளித்தது.

ஆனால் ஆபத்தைக் கணிப்பது வேறு, நோய் இருப்பதாக முடிவு செய்வது வேறு. எலும்புப்புரை நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் என்ற எண்) -2.5 என்ற வரம்பு டெக்ஸாவுக்கு உரியது. அதைக் குதிகால் கருவி தரும் முடிவுத் தாளில் பொருத்திப் பார்ப்பது தவறு. ஒரே பெண்ணுக்கு இரண்டு நிறுவனக் கருவிகள் இருவேறு ஸ்கோர் தரக்கூடும். மருந்து பலன் தருகிறதா என்று ஆண்டுதோறும் பார்க்கவும் இது உதவாது. ஓராண்டில் வரும் மாற்றம் மிகச் சிறிது, அளவீட்டுப் பிழையோ அதற்கு நிகர்.

இத்தாலியின் லெச்சே நகரில் உருவான ‘ரெம்ஸ்’ முறை வேறு வழியில் செல்கிறது: முதுகெலும்பின் கீழ்ப்பகுதியையும் தொடை எலும்பின் கழுத்தையும் மீயொலியால் நேரடியாக அளக்கிறது. 2018-ல் அமெரிக்க ஒப்புதலும் பெற்றது.

நம் ஊர்களில் இலவச எலும்பு அடர்த்தி முகாம்களில் பெரும்பாலும் காலை வைக்கச் சொல்வது குதிகால் கருவியில்தான். அங்கே எண் குறைவாக வந்தால், மாத்திரை தொடங்கும் முன் டெக்ஸா எடுத்துப் பார்க்க வேண்டும். எண் நன்றாக வந்தாலும், லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தவரும் நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவரும் அந்தத் தாளை நம்பி மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.