இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஓர் அடைப்பு

இன்று காலையில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருந்தால், கடைசியில் ஒரு சிரித்த முகத்தையும் சேர்த்து அனுப்பியிருப்பீர்கள். தமிழ் வலைப்பதிவர்கள் அதைச் 'சிரிப்பான்' என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த புதுச்சொற்களில் அதுவும் ஒன்று. ஆனால் சிரிப்பான் பிறந்தது சிரிப்பால் அல்ல. ஒரு லிஃப்ட்டைப் பற்றிய கவலையால். அதற்கு முன் நானூறு ஆண்டுகளாகப் பலர் அதைப் பிறப்பிக்க முயன்று தோற்றிருக்கிறார்கள்.

முதல் முயற்சி 1580களின் லண்டனில் நடந்தது. விடை எதிர்பார்க்காத கேள்விகளுக்கென்று, ஹென்றி டென்ஹாம் என்ற அச்சகர் கேள்விக்குறியை இடம் வலம் மாற்றி அச்சிட்டார். "நீ என்ன பெரிய கலெக்டரா?" என்று நேரில் கேட்டால் யாரும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்வதில்லை. கேட்கிற குரலிலேயே பொருள் புரிந்துவிடும். அச்சுக்குக் குரல் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் திருப்பிப் போட்ட கேள்விக்குறி வந்தது. சில பத்தாண்டுகளில் வழக்கொழிந்தும் போனது. 1668இல் ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேய மதகுரு, உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு மொழியை வகுக்கப் புறப்பட்டு, சொல்வதற்கு நேர்மாறாகப் பொருள்கொள்ள வேண்டிய இடங்களில் ஆச்சரியக்குறியைத் தலைகீழாகப் போடலாம் என்றார். யாரும் போடவில்லை.

1881 மார்ச்சில் 'பக்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழ் நான்கு முகங்களை அச்சிட்டது. மகிழ்ச்சி, சோகம், அலட்சியம், வியப்பு. எல்லாம் புள்ளிகளாலும் கோடுகளாலும் அடைப்புக்குறிகளாலும் ஆனவை. எங்கள் அச்சுக்கோப்பவர்கள் ஓவியர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்று காட்டத்தான் அந்த வேலை. பக்கம் புரண்டதும் முகங்கள் மறந்துபோயின. 1899இல் அல்காந்தர் த பிராம் என்ற பிரெஞ்சுக் கவிஞர் மறுபடி ஒரு திருப்பிய கேள்விக்குறியோடு வந்தார். அதுவும் நிலைக்கவில்லை.

இவை ஏன் தோற்றன? புதுக்குறி என்றால் ஈயத்தில் புது அச்சு வார்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஆனால் 'பக்' இதழின் முகங்கள் கைவசமிருந்த அச்சுகளாலேயே ஆனவை, அவையும் பிழைக்கவில்லையே. எனக்குத் தோன்றும் பெரிய காரணம் வேறு. இவை ஒவ்வொன்றும் ஒருவருடைய ஆசையாகவோ ஒரு நாள் விளையாட்டாகவோ இருந்தன. 'இது இல்லாமல் எங்கள் வேலை ஓடாது' என்று ஒரு கூட்டம் தவித்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

அப்படித் தவித்த ஒரு கூட்டம் தந்திக்காரர்கள். முகம் பார்க்காமல், குரல் கேட்காமல், கம்பியின் மறுமுனையில் இருப்பவரோடு நாள் முழுக்கப் பேசியவர்கள். அவர்களிடமிருந்து, பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ளும் ஹாம் வானொலிக்காரர்களுக்கு எண்களால் ஆன ஒரு குட்டி மொழி வந்து சேர்ந்தது. 73 என்றால் அன்பான வாழ்த்து. 88 என்றால் முத்தம். சிரிப்புக்கும், புள்ளியும் கோடுமான அவர்களுடைய மோர்ஸ் குறியீட்டில் ஒரு வழி இருந்தது. 'எச்' எழுத்துக்கு நான்கு புள்ளி, 'ஐ' எழுத்துக்கு இரண்டு. இரண்டையும் சேர்த்து விரைவாகத் தட்டினால் காதில் கலகலவென்று விழும். இன்றும் ஹாம் அன்பர்கள் ஆன்டெனாவைப் பற்றி நுணுக்கமாக விளக்கிவிட்டு நடுவில் ஒரு கேலியைச் சொன்னால், உடனே இந்த ஆறு புள்ளிகளைத் தட்டுவார்கள். அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து நாம் படித்தால் கிடைப்பது, தமிழ்க் கதைகளில் அசடு வழிகிறவர்கள் சொல்லும் அதே 'ஹி'. 1961 டிசம்பர் 12 அன்று ஹாம் அன்பர்களின் முதல் செயற்கைக்கோளான ஆஸ்கர்-1 மேலே போனது. அது பூமிக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்த சேதியும் அந்த 'ஹி' மட்டும்தான்.

இரண்டு ஆண்டு கழித்துச் சிரிப்புக்கு மஞ்சள் நிறம் வந்தது. 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனம் சோர்ந்திருந்த தன் ஊழியர்களை உற்சாகப்படுத்த ஹார்வி பால் என்ற ஓவியரை அணுகியது. அவர் மஞ்சள் வட்டத்துக்குள் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்து கொடுத்து 45 டாலர் பெற்றுக்கொண்டார். உரிமை எதையும் பதிவு செய்யவில்லை. வியாபாரிகள் அதைப் பட்டனில் அச்சடித்துக் கோடிக்கணக்கில் விற்றார்கள். 1970களின் தொடக்கத்தில் பிராங்க்ளின் லூஃப்ரானி என்ற பத்திரிகையாளர் பிரான்சில் சிரித்த முகத்தைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார். அதிலிருந்து உலகளாவிய உரிம வியாபாரம் ஒன்று வளர்ந்தது.

1969இல் நாவலாசிரியர் விளாதிமிர் நபோகோவிடம் ஒரு நிருபர், சமகால எழுத்தாளர்களிடையே உங்கள் இடம் எது என்று கேட்டார். இதற்கு விடையாகப் புன்னகைக்கென்றே ஓர் அச்சுக்குறி இருந்தால் நன்றாயிருக்கும், மல்லாந்து படுத்த அடைப்புக்குறி மாதிரி, என்றார் அவர். விடைக்கு மிக அருகில் வந்துவிட்டார். படுக்கவேண்டியது அடைப்புக்குறி அல்ல, சாயவேண்டியது வாசகரின் தலை என்பதுதான் பாக்கி.

அந்தப் பாக்கி 1982 செப்டம்பரில், பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தீர்ந்தது. அங்கே கணினித் துறையினருக்குப் பொதுவான ஒரு மின் அறிவிப்புப் பலகை இருந்தது. கருத்தரங்க நேரம், தொலைந்த பொருள், நிரல் எழுதும் உத்தி, அரசியல், அரட்டை எல்லாம் அதில்தான். ஒருநாள் ஒருவர் ஒரு புதிர் போட்டார். லிஃப்ட்டின் சுவரில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது, தரையில் ஒரு சொட்டுப் பாதரசம் கிடக்கிறது, கம்பி அறுந்து லிஃப்ட் விழுகிறது. இரண்டுக்கும் என்ன ஆகும்? இயற்பியல் பேச்சு சூடுபிடித்தது. அந்தச் சூட்டில் இன்னொருவர் ஓர் எச்சரிக்கை எழுதினார்: இயற்பியல் சோதனை ஒன்றினால் இடதுகோடி லிஃப்ட்டில் பாதரசம் சிந்திவிட்டது, கொஞ்சம் தீயும் பிடித்துவிட்டது.

தொடக்கத்திலிருந்து படித்தவர்களுக்கு அது கேலி. நடுவில் வந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு அது பாதுகாப்பு அறிவிப்பு. பாதரசம் விளையாட்டுப் பொருளல்லவே! அங்கேதான் சிக்கல் துலங்கியது. பயனுள்ள சேதியும் கேலியும் ஒரே பலகையில், ஒரே எழுத்துருவில், பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கேலியை நம்பிப் படியேறிப் போவதில் பெரிய நஷ்டமில்லை. நாளைக்கு உண்மையாகவே பாதரசம் சிந்தி, அதைக் கேலி என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டால்?

கேலிக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று பேச்சு திரும்பியது. ஒருவர் நட்சத்திரக்குறி என்றார், ஒருவர் சதவீதக்குறி. '&' என்ற குறி குலுங்கிச் சிரிக்கிற குண்டு மனிதர் மாதிரி இருக்கிறது என்றார் மற்றொருவர். '#' உதடுகளுக்கிடையே தெரியும் பல்வரிசை போலிருக்கிறது என்றும் யோசனை வந்தது. செப்டம்பர் 19, காலை 11.44க்குச் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஸ்காட் ஃபால்மன் சில வரிகள் எழுதினார். கேலிக்கு :-) போடுங்கள், பக்கவாட்டில் படியுங்கள். இப்போதிருக்கும் நிலையில் கேலி அல்லாதவற்றைக் குறிப்பதுதான் சிக்கனம், அதற்கு :-( போடலாம். இன்று நாம் சோகத்துக்குப் போடுகிற முகம், 'இதை நிஜமாகத்தான் சொல்கிறேன்' என்று சொல்லப் பிறந்தது!

புது அச்சு வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். மூன்று விசைகள் எல்லார் மேசையிலும் தயாராக இருந்தன. சில மாதங்களில் அது கலிஃபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் ஆய்வகம் வரை போய்விட்டது. கூடவே நகல்களும் முளைத்தன. தலைக்கவசம் போட்ட முகம், மூக்குக்கண்ணாடி முகம், அசட்டுக் கேள்வி கேட்பவருக்குக் கூம்புக் குல்லா முகம். ஃபால்மன் அந்நாளில் இதில் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை. அவர் எழுதிய அந்த மூல வரிகளையே யாரும் சேமித்து வைக்கவில்லை. இருபது ஆண்டுக்குப் பிறகு, 2002இல், சிலர் மெனக்கெட்டுப் பழைய காந்த நாடாக்களைத் துழாவி அதை மீட்டார்கள். அந்தப் பொறுமைக்காரர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். லிஃப்ட் கதை முழுதாக நமக்குக் கிடைத்தது அவர்களால்தான்.

ஜப்பானில் 1986 வாக்கில் முகம் நிமிர்ந்து உட்கார்ந்தது: (^_^). தலையைச் சாய்க்க வேண்டாம். அங்கே சிரிப்பது வாய் அல்ல, கண். 1999இல் டோகோமோ கைபேசி நிறுவனத்துக்காக ஷிகெதாகா குரிதா 176 குட்டிப் படங்களை வடிவமைத்தார். ஒவ்வொன்றும் 12க்கு 12 கட்டங்களுக்குள். இப்போது நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவற்றின் பெயர் ஈமோஜி. உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் உறவில்லை; ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து.

போட்டி நிறுவனங்களும் ஆளுக்கொரு படக்கூட்டத்தை வைத்திருந்தன, ஆளுக்கொரு குறியீட்டு எண்ணோடு. ஒரு நிறுவனத்தின் கைபேசியிலிருந்து அனுப்பிய இதயம் இன்னொன்றில் போய் வெறும் கட்டமாக நின்றது. 1990களில் கணினியில் தமிழ் படித்தவர்களுக்கு இந்த வேதனை பழக்கம். டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கம்; எழுத்துரு மாறினால் தமிழ் கிறுக்கலாகிவிடும். தமிழுக்கு விடுதலை தந்த அதே யூனிகோடுதான் 2010இல் ஈமோஜிகளுக்கும் பொது எண் கொடுத்தது. ககரமும் மகரமும் ஏறிய பட்டியலிலேயே கண்ணீர் வரச் சிரிக்கிற முகமும் ஏறியது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆண்டின் சொல்லாக அந்த முகத்தைத்தான் அறிவித்தது.

இடையில் ஒரு விபத்து. :-) என்று தட்டினால் அதை முகமாக மாற்றித்தரும் வசதியை மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருளில் வைத்தது. அந்த முகம் விங்டிங்ஸ் என்ற படஎழுத்துருவில் 'ஜே' எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பெறுபவரின் கணினியில் அது தெரியாவிட்டால், வாக்கியக் கடைசியில் ஒரு தனி 'ஜே' நிற்கும். அது யாருடைய முதலெழுத்து என்று பலர் குழம்பினார்கள். இன்னொரு கூத்து: 2008இல் ருஷ்யத் தொழிலதிபர் ஒருவர், கண்ணடிக்கும் முகத்தைத் தன் பெயரில் பதிவு செய்துவிட்டதாகவும், அதை விளம்பரத்தில் பயன்படுத்தும் நிறுவனங்கள் கட்டணம் தரவேண்டும் என்றும் அறிவித்தார்.

முகங்கள் இத்தனை வந்த பிறகும், கேலியா நிஜமா என்ற அந்த லிஃப்ட் குழப்பம் தீரவில்லை. 2019 மே மாதம். பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட, கட்டடப் பொறியியல் கற்போருக்கான ஒரு முகநூல் பக்கம், ஒரு கருவியின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. தமிழர் ஒருவர் பொறுப்பாகப் பதில் சொன்னார்: பெயர் சுத்தியல், எதன்மேலாவது அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும். கூடவே, ஜமீன் அரண்மனையில் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை அவருடைய உறவுக்காரப் பையன் இதனால்தான் உடைத்துவிட்டான், பாவம் என்றும் சேர்த்தார். 2001இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில், நேசமணியாக நடித்த வடிவேலுவுக்கு நேர்ந்தது அது. தொடர்ந்து வந்த தமிழர் இன்னொருவர், இப்போது அவர் நலமா என்று விசாரித்தார். மே 29க்குள் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் ஏறியது. படம் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பார்க்காதவர்கள் யார் இந்த நேசமணி, என்ன ஆயிற்று என்று கவலையோடு கேட்டார்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் சரியான விடை போய்ச் சேர்ந்துவிட்டது: தமிழில் அதன் பெயர் சுத்தியல்.