விசுவாசகாதக அல்பியோன்: ஒரு வசைப்பெயரின் பிறப்பும் பொருளும்

ஒரு தேசம் தன்னோடு போட்டியிடும் மற்றொரு தேசத்துக்குச் சூட்டும் வசைப்பெயரை, வசைக்கு இலக்கானவரின் குணசித்திரமாகவே கொண்டுவிடும் வழக்கம் சரித்திரம் எழுதுவோரிடத்தும் உண்டு. இங்கிலாந்தைக் குறித்துப் பிரெஞ்சு மொழியில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘பெர்ஃபீத் அல்பியோன்’, அதாவது ‘விசுவாசகாதக அல்பியோன்’ என்னும் தொடரும் இவ்வாறே, ஆங்கிலேயர் மீறிய உடன்படிக்கைகளின் சாரமாகப் பெரும்பாலும் கருதப்படுகிறது. இத்தொடர் அநுபவத்தினின்று பிறந்த தீர்ப்பன்று, முன்னரே சமைந்திருந்த ஓர் அச்சு என்பதும், நெருக்கடி நேர்ந்தபோதெல்லாம் அவ்வச்சில் புதிய நிகழ்ச்சிகள் வார்க்கப்பட்டன என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை உரைத்துப் பார்ப்பதற்கு, இரு தேசத்தாரும் மாறி மாறி வாக்களித்தும் வாக்குத் தவறியும் வந்த புதுச்சேரி தக்கதோர் உரைகல்லாகும்.

அல்பியோன் என்பது பிரிட்டன் தீவுக்குக் கிரேக்கரும் உரோமரும் அறிந்திருந்த பழம்பெயர். வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு அது ஒலியால் ஒத்திருத்தலின், டோவர்த் துறையின் வெண்சுண்ணப் பாறைகளை நோக்கி இட்ட பெயர் என்று பலர் பொருள் கண்டனர். ஆராயத்தக்கது அடைமொழியே. அதன் வேராகிய ‘ஃபிதேஸ்’ என்னும் இலத்தீன் சொல், கொடுத்த வாக்கைக் காத்தலையும் கடவுளிடத்து வைத்த பற்றையும் ஒருங்கே உணர்த்துவது. தமிழில் ‘விசுவாசம்’ என்னும் சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது: எஜமானிடத்து ஊழியன் காட்டுவதும் விசுவாசமே, புதுச்சேரிச் சம்பா கோயிலில் கூடுவோர் அறிக்கையிடுவதும் விசுவாசமே. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில், பொசுவே என்னும் பெரும் பிரசங்கியார் மெத்ஸ் நகரில் நிகழ்த்திய பிரசங்கமொன்றில் இங்கிலாந்துக்கு இவ்வடைமொழியைத் தந்தபோது அவர் கருதியது உடன்படிக்கை மீறலை அன்று. உரோமத் திருச்சபையினின்றும் அந்நாடு விலகிப்போன குற்றத்தையே. ஆகவே, மதத்தின் வசையாகத் தோன்றியதே பின்னர் அரசியலின் வசையாயிற்று எனலாம்.

இம்மாற்றத்துக்குத் துணைநின்ற மாதிரி உரோமாபுரியிலிருந்து வந்தது. தம் பகைவராகிய கார்த்தேஜ் நகரத்தாரின் வாக்கை நம்பிக்கைத் துரோகத்துக்கு மறுபெயராகவே உரோமர் வழங்கினர்; அந்நகரத்தார் அதற்கு அளித்திருக்கக்கூடிய மறுமொழியோ அவர்தம் நகரோடு அழிந்தது. இலத்தீன் பாடங்களில் ஊறி வளர்ந்த பிரெஞ்சுப் புரட்சியாளர், தம்மை உரோமக் குடியரசின் வாரிசுகளாகவும், கடல் வாணிபத்தால் செழித்த இங்கிலாந்தைப் புதிய கார்த்தேஜாகவும் காணத் தலைப்பட்டது இயல்பே. 1793-ஆம் ஆண்டில் சிமெனேஸ் பிரபு தம் கவிதையொன்றில் ‘பெர்ஃபீத் அல்பியோன்’ என்னும் தொடரை அமைத்தார். ஆனால் அவ்வாண்டு பிப்ரவரியில் போரை அறிவித்தது பிரான்ஸே. மீறப்பட்ட உடன்படிக்கை எதுவும் அத்தொடருக்கு முன்னோடியாக நின்றதெனச் சொல்லுதற்கில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு மாறியது முற்றுகையினால், வஞ்சனையினால் அன்று.

இதற்கு மாறாக, புதுச்சேரியின் சரித்திரமே அவ்வசையை மெய்ப்பிக்கிறதென்று வாதிப்போர் கூடும். 1761-இல் சரணடைந்த நகரத்தை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். 1802-ஆம் ஆண்டின் அமியான் சமாதானப்படி புதுச்சேரி திரும்பக் கிடைக்குமென்று நம்பி, 1803-இல் கப்பற்படையோடு வந்த தெக்கான் என்னும் தளபதி அதனைப் பெறாமலே மொரீசுத் தீவுக்குச் செல்ல நேர்ந்தது. நகரம் மீண்டும் பிரெஞ்சுக் கொடியைக் கண்டது 1816-இலேதான். இவை மறுக்கவொண்ணாத உண்மைகள். எனினும், 1758-இல் கடலூரில் ஆங்கிலேயருக்கிருந்த செயிண்ட் டேவிட் கோட்டையை இடித்தவர் பிரெஞ்சுத் தளபதி லாலி என்பதும், தெக்கான் வந்து சேர்வதற்கு முன்பே ஐரோப்பாவில் போர் மறுபடி மூண்டுவிட்டது என்பதும் அவற்றோடு வைத்து எண்ணத்தக்கவை.

இவற்றினும் முக்கியமானது 1746-ஆம் ஆண்டின் விவகாரம். சென்னைப்பட்டணத்தைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, மீட்புப் பணம் பெற்றுக்கொண்டு அதனை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக ஒப்பந்தம் செய்தார். புதுச்சேரிக் கவர்னராகிய துய்ப்ளேக்ஸ் அவ்வொப்பந்தம் தம்மைக் கட்டுப்படுத்தாதென்று தள்ளினார். பட்டணத்தை ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனிடம் ஒப்படைப்பதாகத் தாம் கூறியிருந்ததையும் அவர் நிறைவேற்றவில்லை. லபூர்தொனேக்கும் துய்ப்ளேக்ஸுக்கும் இடையே மூண்ட பிணக்கை, துய்ப்ளேக்ஸின் துபாஷாகப் பின்னர் உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். ஒப்பந்தம் முறிந்தமையால், போர்க்கைதிகளாகத் தாம் பிரெஞ்சுக்காரருக்கு அளித்திருந்த வாக்குறுதியும் முறிந்ததெனக் கொண்டு சென்னையினின்று தப்பியோடியவருள் ராபர்ட் கிளைவ் என்னும் இளங்குமாஸ்தாவும் ஒருவர். வாக்குத் தவறுதலே ஒரு தேசத்தின் பெயரைத் தீர்மானிப்பதாயின், சோழமண்டலக் கரையில் அப்பெயரை இருவரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டியிருக்கும்.

தோல்விக்குக் காரணம் தேடுவோர்க்குப் புறத்துப் பகைவர்மீதான வசை மட்டும் எப்போதும் போதுவதில்லை. புதுச்சேரியை இழந்த லாலியை, ராஜாவின் நலன்களுக்குத் துரோகம் இழைத்தவரென்று விதித்து 1766-இல் பாரிஸ் நகரில் சிரச்சேதம் செய்தனர். பகைவனுக்குரிய அதே குற்றச்சாட்டு சொந்தத் தளபதியின் கழுத்தில் விழுந்தது.

1904-ஆம் ஆண்டின் நட்புடன்படிக்கையால் அடங்கியிருந்த அவ்வசை, 1940 ஜூலையில் மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்களை ஆங்கிலேயர் சுட்டு, ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டபோது, ஜெர்மனியோடு போர்நிறுத்தம் செய்துகொண்ட விஷி அரசைச் சார்ந்தோரின் பிரசாரத்தில் மறுபடி ஓங்கியது. ஆயினும் செப்டம்பரிலேயே புதுச்சேரிக் கவர்னர் பொன்வேன், இலண்டனில் தங்கிப் போரைத் தொடர்ந்த தெ கோலின் பக்கம் சேர்ந்தார். ஒரே செய்தியை ஒரே மொழியில் கேட்ட பிரெஞ்சுக்காரருள் ஒரு சாராருக்கு அவ்வசை தேவைப்பட்டது. மற்றொரு சாராருக்கோ இங்கிலாந்தின் நட்பு தேவைப்பட்டது. ஆதலால் பழம் ஏடுகளில் இத்தொடரைக் காணும் ஆராய்ச்சியாளர், இங்கிலாந்து அன்று என்ன செய்தது என்பதோடு, அதை எழுதியவர் அன்று எந்நிலையில் இருந்தார் என்பதையும் வினவுதல் வேண்டும்.