போர்க்களம் கண்ட சவரக் கருவி

பழம்பொருட் கடையொன்றில் வெள்ளி முலாம் மங்கிய சவரக் கருவி கிடக்கிறது. அதன் தலையில் 1904 என்னும் ஆண்டு பொறித்திருக்கிறது. உடனே அதன் வயதைக் கணித்துவிடலாகாது. அது கிங் காம்ப் ஜில்லெற் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்ற ஆண்டு. பின்னாளில் செய்த கருவிகளும் அதனையே தாங்கி வந்தன.

1903இல் அவருடைய நிறுவனம் விற்றவை ஐம்பத்தொரு கருவிகளே. 1918இலோ அமெரிக்க அரசு தன் படைக்கென முப்பத்தைந்து இலட்சம் கருவிகளைக் கேட்டது! காரணம் அழகுணர்ச்சியன்று, அகழிகளில் பரவிய நச்சுவாயு. தாடியிருந்தால் முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்தாது. பிரித்தானியப் படையோ 1916 அக்டோபர் வரை மேலுதட்டை மழிக்கலாகாதென்று விதித்திருந்தது. மீசைக்கும் ஒரு சட்டம்!

பெட்டியிலோ கருவியிலோ அமெரிக்கப் படையின் உடைமை என்னும் பொறிப்பு இருப்பின், அது போர்க்காலத்ததென்று கொள்ளலாம். காக்கித் துணி போர்த்த பெட்டிகளும் உண்டு.

இத்தகையதைத் துலக்கப் புகுவோர் பெரும்பாலும் அவசரத்தாலேயே கெடுக்கின்றனர். மணற்றாள் வேண்டாம். முலாம் மெல்லியது, தேய்த்தால் பித்தளை பல்லிளிக்கும். மூடியில் வீரன் கீறிவைத்த பெயரெழுத்தும் அதனோடு அழியும். அழிந்தபின் அக்கருவி யாருடையதென்று சொல்லுவார் இல்லை. இளஞ்சூடான சவர்க்கார நீரும் பழைய பற்றூரிகையும் போதும். பெட்டியை நனைக்கலாகாது. நன்கு உலர்த்தித் திருகுமரைக்கு ஒரு துளி எண்ணெய் இடுக.

துருவேறிய பழைய அலகை எறிந்துவிடலாம். மூன்று துளை அலகுக்கெனச் செய்த அக்கருவியில், இன்று கடையில் வாங்கும் இருமுனை அலகும் பொருந்தும்.